ஆறு படுக்கை இல்லங்களும் இங்குள்ள தமிழரும்

ஃப்ரீமான்ட், யூனியன் சிட்டி, ஹேவர்ட், சான் ஹோசே போன்ற ஊர்களில் சங்கத்து அன்பர்கள் தினமும் காரில் கடந்து போகும் தெருக்களில், பார்வைக்கு மற்ற வீடுகளைப் போலவே இருக்கும் சில வீடுகள் உண்டு. மாடி இல்லாத வீடு. முன்னால் சிறிது புல்வெளி. வாசற்படி இருக்க வேண்டிய இடத்தில் சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளம், பக்கத்தில் இரும்புக் கைப்பிடி. பெயர்ப் பலகை பெரும்பாலும் இராது. உள்ளே ஆறு முதியவர்கள் இருப்பார்கள். அவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, உணவளித்து, மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்து, நடக்கும்போது தாங்கிப் பிடிக்க இரண்டு மூன்று பேர் அங்கே வேலை பார்ப்பார்கள். பேச்சு வழக்கில் இவற்றுக்கு ‘போர்ட் அண்ட் கேர்’ என்று பெயர்.

அந்த ஆறு பேரில் ஒருவர் கும்பகோணத்திலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த பாட்டியாக இருப்பது இப்போது அபூர்வமில்லை. ஆனால் அவர் அங்கே இருப்பது அடுத்த தெருத் தமிழ்க் குடும்பத்துக்குத் தெரியாது. கோயிலில் யாராவது மகனைப் பார்த்து, “அம்மாவைக் காணோமே, சௌக்கியந்தானே?” என்று கேட்டால், “ஊருக்குப் போயிருக்காங்க” என்று பதில் வரும். இல்லாவிட்டால், “தங்கச்சி வீட்டில் இருக்காங்க, டெக்ஸாஸில்” என்று வரும். கேட்டவரும் அதற்குமேல் கேட்பதில்லை. கேட்டவருக்கும் வீட்டில் ஒரு மாமியார் இருக்கலாம். நாளைக்கு அவரும் இதே பதிலைச் சொல்ல வேண்டி வரலாம்.

சங்கம் வாய்திறந்து பேச வேண்டியது இந்தப் பொய்யைப் பற்றித்தான். தாயாரை இல்லத்தில் சேர்த்ததே பாவம் என்று சொல்வது எளிது. பல குடும்பங்களில் அது நன்றாக யோசித்து எடுத்த முடிவு, சில குடும்பங்களில் அதைத் தவிர வேறு வழியே இல்லை. ஆனால் அதை வெளியே சொல்லக் கூசுவதால் இரண்டு கெடுதல்கள் நேருகின்றன. முன்கூட்டி விசாரிக்காமல் அவசரத்தில் ஏதோ ஓர் இல்லத்தில் சேர்க்க நேருகிறது. சேர்த்த பிறகு குடும்பத்தாரைத் தவிர யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இரண்டாவது கெடுதல் முதலாவதைவிடப் பெரிது.

கூட்டுக் குடும்பத்தில் முதியவர்கள் மகாராஜாக்களாக வாழ்ந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டுக் குடும்பத்தில் படுத்த படுக்கையாக இருந்த மாமனாருக்கு மலஜலம் எடுத்தவர் யார் என்று கேட்டால், விடை எப்போதும் ஒரு மருமகளாகவோ கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்த ஓர் அத்தையாகவோதான் இருக்கும். அவர்களை யாரும் கேட்டு ஒப்படைத்த வேலையல்ல அது. இந்தியாவிலேயே பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது. கோயம்புத்தூரைச் சுற்றி முதியோருக்கென்றே குடியிருப்புகள் எத்தனையோ எழுந்துவிட்டன. ஊரில் எல்லாம் பழையபடியே நடக்கிறது, இங்கே வந்தவர்கள்தான் கெட்டுப் போனார்கள் என்பது ஊரை விட்டு நாற்பது ஆண்டுகளானவர்களின் நினைப்பு.

கலிபோர்னியாவில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை முதியவர் தனியாக இருக்கிறார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிப் பேச்சுக்கு ஆள் கூப்பிடும் ஊர் அல்ல இது. படுக்கையறை மாடியில். குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க முடியாது. மறதி நோய் வந்துவிட்டால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து போகிறார். கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி, தஞ்சாவூர்ப் பெரிய கடைத்தெருவுக்கு வழி கேட்கிறார். இரவில் நான்கு முறை எழுகிறார். அவரோடு நான்கு முறை எழுகிற மருமகள் காலை ஏழரை மணிக்கு வேலைக்குப் புறப்பட்டாக வேண்டும். ஆறு மாதம் இப்படி ஓடலாம். இரண்டு வருஷம் ஓடினால் வீட்டில் நோயாளிகள் இருவர் ஆகிவிடுவார்கள்.

வீட்டிலேயே வைத்துக் கவனிக்க முடிந்தவர்கள் அப்படியே செய்யட்டும். மெடி-கால் தகுதி உள்ளவர்களுக்கு வீட்டில் உதவிக்கு வருபவரின் கூலியை அரசே கொடுக்கும் திட்டம் இந்த மாநிலத்தில் உண்டு. சொந்த மகளோ மருமகளோ கவனித்தாலும் அந்தக் கூலியை வாங்கலாம். இது தெரியாமல் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் இந்தச் சமூகத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த இல்லங்கள் என்ன, என்ன அல்ல என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. இவை ‘நர்ஸிங் ஹோம்’ அல்ல. நர்ஸிங் ஹோமில் நர்ஸ் இருப்பார், ஊசி போடுவார், டாக்டரின் உத்தரவுப்படி வைத்தியம் நடக்கும். ஆறு படுக்கை இல்லம் சட்டத்தின் கண்ணில் ஒரு வசிப்பிடம். 1985-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின்கீழ், அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக, மாநில சமூக சேவைத் துறை இவற்றுக்கு லைசென்ஸ் கொடுக்கிறது. ஆறு பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் இருந்தால் அதை ஒரு குடும்பம் வசிக்கும் வீடாகவே நகராட்சி நடத்த வேண்டும். தனி அனுமதி கேட்கக் கூடாது. ஆறு என்ற எண்ணிக்கை வந்த காரணம் இதுதான். ஏழாவது படுக்கையைப் போட்டால் நகராட்சியின் அனுமதிகளுக்கு அலைய வேண்டியிருக்கும்.

வைத்தியசாலை அல்ல என்பதால் சிலரை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. வயிற்றில் குழாய் வைத்து உணவு செலுத்தப்படுபவர்கள், தொண்டையில் துளையிட்டு மூச்சு விடுபவர்கள், ஆழமாகிவிட்ட படுக்கைப் புண் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பொதுவாக இடமில்லை. ஆனால் இறுதிக் கால ஆறுதல் சிகிச்சைக்கு, அதாவது ‘ஹாஸ்பிஸு’க்கு, விலக்கு அனுமதி வாங்கி வைத்திருக்கும் இல்லத்தில் கடைசி மூச்சு வரை இருக்கலாம். சேர்க்கும்போதே இந்த அனுமதி உண்டா என்று கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால், கடைசி வாரத்தில் ஆம்புலன்சில் ஏற்றி இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும் அவதி வரும்.

அடுத்தது பணம். மெடிகேர் இதற்கு ஒரு செப்புக் காசும் கொடுக்காது. இதை நம்பாமல் ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவில் வாதாடுகிறவர்கள் எப்போதும் உண்டு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்த பிறகு, தேவைப்பட்டால், நர்ஸிங் ஹோமில் நூறு நாள் வரை மெடிகேர் உதவும். அதிலும் முழுச் செலவு இருபது நாளுக்குத்தான். அன்றாடம் குளிப்பாட்டி உணவளிக்கும் கவனிப்பை மெடிகேர் வைத்தியமாகக் கருதுவதில்லை. மெடி-காலில் இந்த இல்லங்களுக்குச் செலவிட ஒரு விலக்குத் திட்டம் சில கவுண்டிகளில் இருக்கிறது; அலமீடாவும் சான்டா கிளாராவும் அவற்றில் சேர்ந்தவை. வரிசையில் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் கைக்காசிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வளைகுடாப் பகுதியில் மாதம் ஐயாயிரம் டாலருக்குக் கீழே நல்ல இடம் கிடைப்பது அரிது. மறதி முற்றியவர்களுக்கு அதைவிட மேலே போகும்.

மறைப்பதனால் வரும் அவசரம் எப்படி நேருகிறதென்று பார்க்கலாம். அம்மா குளியலறையில் விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. அறுவை நடக்கிறது. சில வாரம் நர்ஸிங் ஹோமில் உடற்பயிற்சி. திடீரென்று ஒரு வியாழக்கிழமை, “திங்கட்கிழமை அனுப்பிவிடுவோம்” என்கிறார்கள். வீட்டில் மாடிப்படி. அங்குள்ள சமூக ஊழியர் ஒரு பட்டியலைக் கையில் கொடுக்கிறார். இடம் பார்த்துக் கொடுக்கும் தரகர் ஒருவர் போனில் வருகிறார், ரொம்ப இனிமையாகப் பேசுகிறார், காசு ஒன்றும் வேண்டாம் என்கிறார். அவருக்குக் காசு இல்லத்திலிருந்து வரும். எந்த இல்லம் கொடுக்கிறதோ அந்த இல்லத்தைத்தான் காட்டுவார். சனிக்கிழமை மூன்று இடம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்டாகிவிடுகிறது. ஒரு கார் வாங்க மூன்று மாதம் விசாரிக்கிற சமூகம் இது.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷம் முன்னால், “எங்க மாமியாரை அந்தத் தெருவில் உள்ள இடத்தில் வைத்திருந்தோம், ராத்திரியில் ஆள் போதாது, நீங்க அங்கே போக வேண்டாம்” என்று சொல்லக்கூடிய ஒருவர் இதே கோயிலில் பிரசாத வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்றிருக்கலாம். அவர் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் டெக்ஸாஸில் இல்லை என்பது வெளியாகிவிடும்.

ராத்திரி ஆள் என்பது சாதாரண விஷயமல்ல. சிறிய இல்லங்களில் இரவில் ஒருவர் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. விழித்திருக்க வேண்டும் என்பது எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. எழுந்து நடமாடும் மறதி நோயாளிக்கு அது போதாது. மேலும், இந்தத் தொழிலில் உழைப்பவர்களிலும் உரிமையாளர்களிலும் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அவர்களில் பலர் தாயைப் போலக் கவனிக்கிறவர்கள் என்பதைப் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே ஆளை வேலை வாங்கிவிட்டு, எட்டு மணி நேரத்துக்குக் கூலி கொடுத்த இல்லங்கள் மீது மாநிலத் தொழிலாளர் ஆணையர் அபராதம் விதித்த வழக்குகளும் உண்டு. தூங்காத ஆள் கையில் அம்மாவை ஒப்படைக்கிறோமா என்பதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். கவனிப்பவரிடமே, “உங்களுக்கு வாரத்தில் எந்த நாள் லீவு?” என்று கேட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

2013-ஆம் ஆண்டு அக்டோபரில் காஸ்ட்ரோ வேலியில் நடந்ததைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆறு படுக்கையைவிடப் பெரிய இல்லம் அது. அரசு அதை மூடச் சொன்னது. சம்பளம் கிடைக்காத ஊழியர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் உள்ளே. சமையற்காரர் ஒருவரும் துப்புரவு வேலை செய்பவர் ஒருவரும் மட்டும் அவர்களை விட்டுப் போக மனமில்லாமல், சம்பளமும் இல்லாமல், சில நாட்கள் இரவு பகலாக அங்கேயே இருந்து சோறு போட்டு மாத்திரை கொடுத்தார்கள். பிறகுதான் தீயணைப்புக்காரர்களும் போலீசாரும் வந்தார்கள். அந்தச் செய்தி பரவிய பிறகு, 2014-ஆம் ஆண்டில் சட்டங்கள் திருத்தப்பட்டன. நிர்வாகிக்குத் தேவையான பயிற்சி நாற்பது மணி நேரத்திலிருந்து எண்பதாயிற்று. 150 டாலராக இருந்த அபராதத்தின் உச்சம், உயிரிழப்பு நேர்ந்தால் 15,000 டாலர் வரை என்று உயர்ந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தால் போதும் என்றிருந்த அரசு இன்ஸ்பெக்டர், 2019 முதல் ஆண்டுதோறும் வர வேண்டும் என்றாயிற்று. அவர் எழுதும் அறிக்கையை யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கலாம். படித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். சிறு குறைகள் எல்லா இல்லத்திலும் இருக்கும். ஒரே குறை மூன்று வருஷமாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தால் அந்த வாசலை மிதிக்கவே வேண்டாம்.

இதெல்லாம் எந்தச் சமூகத்துக்கும் பொதுவானது. தமிழருக்கென்று தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது, அது மொழி.

மறதி நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும், தாய்மொழி கடைசிவரை தங்குவதும் அடிக்கடி காணப்படுவது. முப்பது ஆண்டு ஆங்கிலத்தில் கணக்கு எழுதிய மனிதர், ஒருநாள் தமிழைத் தவிர வேறொன்றும் பேசாதவராகிவிடுகிறார். அவர் “தாகமா இருக்கு” என்கிறார். கவனிக்கும் பெண்ணுக்குப் புரியவில்லை. இன்னும் உரக்கச் சொல்கிறார். கையைத் தட்டிவிடுகிறார். அன்றைய குறிப்பில் ‘முரட்டுத்தனம்’ என்று எழுதப்படுகிறது. அடுத்த வாரம் அமைதிப்படுத்த ஒரு மாத்திரை வருகிறது. மனநோய்க்குக் கொடுக்கும் அந்த வகை மாத்திரைகள் மறதி நோயுள்ள முதியவர்களிடையே மரணத்தை அதிகப்படுத்துகின்றன என்று 2005-ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டு மருந்து நிர்வாகம் கடுமையாக எச்சரித்திருக்கிறது. தண்ணீர் கேட்டவருக்கு மாத்திரை கிடைப்பது யாருடைய கொடுமையாலும் அல்ல. அந்த அறையில் தமிழ் தெரிந்த ஓர் ஆள் கிடையாது, அவ்வளவுதான்.

இதற்குப் பரிகாரம் அதிசயமானதொன்றுமில்லை. ஓர் அட்டையில் இருபது சொற்கள்: தண்ணீர், வலி, பசி, போதும், குளிர், பயம், ஒண்ணுக்கு, வெளிக்கு, தலை சுத்துது. எதிரே அவற்றை ஆங்கில எழுத்தில் உச்சரிப்பும் பொருளும். கட்டிலருகே ஒட்டிவிட்டால், வேலை பார்ப்பவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார். எத்தனையோ மொழிக்காரர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். “வலிக்குதா?” என்று அந்தப் பெண் கேட்கும்போது முகத்தில் வரும் மாறுதலைக் கண்டவர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அட்டை வேறு. அவர் வலியை ‘நோகுது’ என்பார். அதையும் பார்த்து எழுத வேண்டும்.

உணவிலும் இதே கதை. சைவம் என்று சொன்னால் முட்டை சேரும் என்று நினைப்பார்கள். சூப்பில் கோழி வேக வைத்த நீர் இருக்கும். ஆறு பேருக்கு ஒரே அடுப்பில் சமைக்கும் வீட்டில் ஒருவருக்காக ரசம் வைக்கச் சொல்வதும் நியாயமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த பத்தியத்தை இல்லம் கொடுத்தே ஆக வேண்டும். மத வழக்கப்படியான உணவை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். பல குடும்பங்கள் ஒரு வாரத்துக்கான சாம்பாரையும் கூட்டையும் சிறு டப்பாக்களில் உறையவைத்துக் கொடுத்துவிடுகின்றன. சாதமும் தயிரும் அங்கேயே கிடைத்துவிடும். பிறர் கையால் சாப்பிடாத, மடியாசாரம் பார்த்த பாட்டிகள் இரண்டு நாள் பட்டினி கிடந்து மூன்றாம் நாள் சாப்பிடுவார்கள். அந்த இரண்டு நாளும் மகள் பக்கத்தில் இருந்தால் நல்லது.

விளக்கு ஏற்றக் கூடாது என்றவுடன் கோபித்துக்கொள்ளும் அன்பர்களும் உண்டு. பக்கத்து அறையில் ஆக்ஸிஜன் வைத்திருப்பார்கள். நெருப்பு கூடவே கூடாது. ஒரு சிறிய முருகன் படம், மின்சார விளக்கு, காலையில் ஒலிநாடாவோ குறுந்தகடோ எது இருக்கிறதோ அதில் கந்த சஷ்டி கவசம்: இவற்றுக்குத் தடையில்லை. தங்கள் சமய வழிபாட்டை நடத்திக்கொள்வதும், சொந்த உடைகளை அணிவதும், விருந்தாளிகளைத் தனியாகச் சந்திப்பதும் அங்கே வசிப்பவர்களின் உரிமை என்று விதியே சொல்கிறது. அந்த உரிமைகளின் பட்டியலை இல்லத்தில் ஒட்டியிருப்பார்கள். பக்கத்திலேயே, முறையிட வேண்டுமானால் அழைக்க வேண்டிய ஆம்பட்ஸ்மனின் எண்ணும் இருக்கும். நகை ஒன்றுதான் சிக்கல். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்ல யாருக்கும் மனம் வராது. காணாமல் போனால் கேட்கவும் வழியிராது. சேரும் அன்றே பொருட் பட்டியலில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பலர் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இத்தனையும் கேட்டபின், “சங்கமே ஒரு தமிழ் இல்லம் தொடங்கினால் என்ன?” என்று யாராவது எழுந்து கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ ஜப்பானியர் 1971-இல் தொடங்கிய ‘கிமோச்சி’ அமைப்பு, முதலில் முதியவர்களுக்குச் சாப்பாடு போட்டுத் துணைக்குப் போய்வந்து, 1983-இல்தான் சிறிய இல்லம் ஒன்றைத் திறந்தது. அதே ஊரில் 1971-இல் உருவான ‘ஆன் லாக்’, நர்ஸிங் ஹோம் கட்டத்தான் புறப்பட்டது. கணக்குப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டு, பகலில் வந்து சாப்பிட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு மாலையில் வீடு திரும்பும் நிலையத்தைத் தொடங்கியது. பிற்பாடு நாடு முழுவதும் அதைப் பின்பற்றியது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஜப்பானியரின் ‘கெய்ரோ’ நிலையங்களோ 1961-இல் தொடங்கிய பெரும் முயற்சி. 2016-இல் சமூகத்தின் பலத்த எதிர்ப்புக்கிடையே தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டன. ஐம்பது ஆண்டு கட்டிக் காத்தவர்களுக்கே அந்தக் கதி.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கலிபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி 2026-ஆம் ஆண்டில் மணிக்கு 16 டாலர் 90 சென்ட். ஒரு மாதத்துக்கு 720 மணி நேரம். எந்நேரமும் ஒரே ஓர் ஆள் இருப்பதற்கே 12,168 டாலர். இரண்டு ஆள் என்றால் 24,336. ஆறு பேரிடமும் தலைக்கு 6,000 வாங்கினாலும் வரவு 36,000. மிச்சமுள்ள பதினோராயிரத்துச் சொச்சத்தில் ஓவர்டைம், வரி, இன்ஷூரன்ஸ், அரிசி பருப்பு, மின்சாரம், இவற்றோடு ஃப்ரீமான்ட்டில் ஒரு வீட்டின் மாதக் கடனும் அடைய வேண்டும். ஒரு படுக்கை இரண்டு மாதம் காலியாக இருந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான். முறையாகக் கூலி கொடுத்து நடத்துவது எவ்வளவு கடினம் என்பதும், சிலர் ஏன் முறையாகக் கொடுப்பதில்லை என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை திரட்டிய அனுபவம் இதற்குப் போதாது. இரவு இரண்டு மணிக்கு டயபர் மாற்றும் வேலைக்கு வாலண்டியர் பட்டியல் போட முடியாது.

ஆகவே சங்கம் செங்கல் வாங்கப் புறப்பட வேண்டாம். இருக்கிற இல்லங்களில் இருக்கிற தமிழ் முதியவர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பதைத் தொடங்கட்டும். அடிக்கடி ஆள் வந்து போகும் முதியவரை இல்லத்தில் கூடுதலாகக் கவனிப்பார்கள் என்பது மனித இயல்பு. 2020-ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளை நோய்க்காகக் கதவுகள் மூடப்பட்டபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று கையசைத்த பிள்ளைகளுக்கு, வருகை என்பதன் அருமை தெரிந்தது. இப்போது கதவு திறந்திருக்கிறது. போவார்தான் குறைவு.

அதோடு, இது ‘அம்மா அப்பா’ விஷயம் என்று ஒதுக்கிவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. 1965-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு கையில் எட்டு டாலரோடு மாணவர்களாக வந்து இறங்கிய தலைமுறைக்கு இப்போது வயது எண்பது. சங்கத்தின் முதல் பொங்கல் விழாவுக்கு நாற்காலி போட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாஸ்டனிலும் சியாட்டிலிலும் இருக்கிறார்கள். மருமகள் தமிழர் அல்ல, பேரப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. இருபது சொல் அட்டையை எழுதிக் கொடுக்கக்கூட வீட்டில் ஆள் இராது. தன்னை எந்த இல்லத்தில் வைக்க வேண்டும், எந்த வைத்தியம் வேண்டும் வேண்டாம், தனக்காகப் பேசுபவர் யார் என்பதை அவர்கள் புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி, டாக்டரிடம் ஒன்றும் பிள்ளையிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிட வேண்டும். “சாவைப் பற்றி இப்போது என்ன பேச்சு” என்று மனைவிமார் அதட்டுவார்கள். அதட்டட்டும்.

சங்கம் செய்யக்கூடியது இவ்வளவுதான். தங்கள் பெற்றோர் இருக்கும் இல்லத்தின் பெயரை, விருப்பமுள்ள குடும்பங்கள் செயலாளரிடம் தனியே சொல்லலாம். அது பத்திரிகையில் அச்சாகாது. அந்த ஊரிலேயே வசிக்கும் அன்பர்கள் இரண்டிரண்டு பேராக, குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பதினைந்து நாளுக்கொரு முறை போய் அரை மணி நேரம் தமிழ் பேசிவிட்டு வரலாம். முன்னதாகப் போன் செய்துவிட்டுப் போவது மரியாதை. காலை பத்தரை மணி நல்ல நேரம். குளியல் முடிந்திருக்கும், சாப்பாட்டுக்கு நேரம் இருக்கும். பிற்பகலில் தூங்குவார்கள், அந்தி சாயும்போது மறதிக்காரர்களுக்குக் குழப்பம் அதிகம். கோயில் பிரசாதம் கொண்டுபோகிறவர்கள் முதலில் கவனிப்பவரைக் கேட்க வேண்டும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்கள் அங்கே பலர். சுண்டலும் முறுக்கும் வேண்டாம். நெய் குறைத்துக் குழைய மசித்த பொங்கல் ஒரு கரண்டி போதும், அதையும் அவரை நிமிர்த்தி உட்காரவைத்த பிறகே கொடுக்க வேண்டும்.